வருகைப் பதிவேடு

போன வருடம் பகுதி சபைக் கூட்டங்கள் நான்கு.
நான்கிலும் அதே பதினொரு கையெழுத்து.
மூன்றாவது ஆள் வராத நாளிலும்
வந்திருந்தது அவர் கையெழுத்து.

மன்னார்குடி நகராட்சி மாடி,
செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்று.
"யாரையும் வரக்கூடாதுன்னு சொல்லலியே" என்றார் எழுத்தர்.
உண்மைதான், ஒருவரும் சொல்லவில்லை.
இருபத்திரண்டு படிகள்
தம் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தன.

கிளம்பினோம் ஐந்து பேர்:
ஜுலைஹா, மருந்துக்கடையில் பில் போடும் உலகு,
வேலை தேடிக்கொண்டிருந்த இரட்டையர்கள், நான்.
ஆளுக்கொரு பரீட்சை அட்டை,
ஒரே கேள்வி:
எத்தனை மணிக்கு உங்களால் வர முடியும்?

மீன்கடை அஞ்சலை சிரித்தாள்.
"எங்கிட்ட மணி கேட்ட மொத ஆபீசு நீங்கதான்."
நாங்கள் ஆபீசு இல்லை என்று சொல்ல
வாய் திறந்தான் உலகு.
ஜுலைஹா அவன் காலை மிதித்தாள்.

பாமணி ஆற்றுக்கு அந்தப் பக்கம், அரிசி ஆலையில்
ராம்பிலாஸ் கேட்டான், நான்கு வருடத் தமிழில்:
"அக்கா, தண்ணி நாங்களும் குடிக்கிறோம்.
கேள்வி நாங்களும் கேக்கலாமா?"
அட்டையில் அதற்குக் கட்டம் இல்லை.
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

மேட்டூர் திறந்தால் பேப்பரில் படம் வரும்,
பூத்தூவிய தண்ணீரோடு.
வந்ததா இல்லையா என்பதை
கடைமடையில் நிற்பவரைத்தான் கேட்க வேண்டும்.
கேட்க, அங்கே போக வேண்டும்.

எங்கள் தப்பையும் சொல்லிவிடுகிறேன்.
தச்சரிடம் செய்யக் கொடுத்த சாய்தளப் பலகை
அரையடி குட்டை.
காத்தையனின் மூன்று சக்கர வண்டி
அதன் எதிரில் நின்று எங்களைப் பார்த்தது.
கொட்டை எழுத்தில் அச்சடித்த அறிவிப்பை
அண்ணாந்து பார்க்கும் உயரத்தில் ஒட்டினோம்.
விடிவதற்குள் அதன் மேல்
யாருக்கோ கண்ணீர் அஞ்சலி.

கடைசியில் கூட்டம்
பேருந்து நிலையத்து சைக்கிள் ஸ்டாண்டில்.
படி இல்லாத இடம்.
இரவு எட்டரை: மீன் விற்றுத் தீர்ந்து,
ஆலையில் ஷிப்டு மாறி.
குழந்தைகளுக்கு இரண்டு பாய், இரட்டையர்கள் காவல்.

நாற்பத்தேழு பேர்.
நம்பாமல் மூன்று முறை எண்ணினேன்.
மூன்றாவது கையெழுத்துக்காரர்
இந்த முறை நிஜமாகவே வந்துவிட்டார்;
பக்கத்தில் இடமில்லாமல்
தாளின் முதுகில் போட்டார் கையெழுத்து.

சாவி செய்யும் தையல்நாயகி எழுந்தாள்.
பிறவியிலேயே காது கேளாது அவளுக்கு.
அவள் கைகளால் சொல்ல,
ஜுலைஹா வாயால் சொன்னாள்:
"வடக்குத் தெருக் குழாய்க்கு நேரம் மாத்தினத
ஒலிபெருக்கியில அறிவிச்சீங்களாம்.
பதினெட்டு நாள் நான்"

போனது மின்சாரம்.

இருட்டில் எல்லோரும் பேசலாம்.
எல்லோரும் பேசினார்கள்:
மின்வாரியத்தைத் திட்டினார்கள், பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள்.
அவளுடைய வாக்கியம் மட்டும்
கைகளில் அப்படியே நின்றது.

முதலில் யார் என்று தெரியாது.
செதில் ஒட்டிய ஒரு கைப்பேசி
வெளிச்சத்தை அவள் விரல்களில் வைத்தது.
அப்புறம் ராம்பிலாஸ். வண்டியில் இருந்தபடி காத்தையன்.
எங்கே அமுக்குவது என்று பக்கத்தில் கேட்டுக் கேட்டு
கடைசியாகக் கவுன்சிலர்.
பேச்சு அடங்கியது.
விட்ட இடத்திலிருந்து, அவசரமே இல்லாமல்,
எடுத்தாள் தையல்நாயகி:

"பதினெட்டு நாள் நான் காலிக் குடத்தோட
வரிசையில மொத ஆளா நின்னேன்.
வரிசையே இல்ல."

மறுநாள் எழுத்தர் பதிவேட்டை நீட்டினார்.
"பேசினார்னு எப்படி எழுத? அவங்க பேசலியே."
"கேட்டோம்னு எழுதுங்க" என்றாள் ஜுலைஹா.
வெகுநேரம் பேனாவை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார்.
என்ன எழுதினார் என்று பார்க்கவில்லை,
உலகுவுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது.

வடக்குத் தெருக் குழாயடியில்
இப்போது ஒரு கரும்பலகை தொங்குகிறது.
தண்ணீர் நேரத்தை வாரம் இரண்டு முறை எழுத வேண்டும்.
சாக்பீஸைத்தான் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள்,
அநேகமாகப் பாண்டி ஆடும் பிள்ளைகள்.
சாயங்காலம் ஒன்று வாங்க வேண்டும்.
இரண்டாக வாங்கலாம்.