அடிக்கோல்

ஸெஸ்தபோனியில் ஆலைப்புகை
மூன்றாம் மாடி வரை ஏறும்.
நான்காம் மாடியில்
தோல் சீவிய பெர்சிமன் பழங்கள் நூலில் தொங்க
ரேடியோவில் யாரோ வானிலை வாசிக்க
கதவைத் திறந்தாள் மக்வலா.

வேறு யாரும் வீட்டில் இல்லையே?
தனியே கேட்க வேண்டும் என்பது விதி.
லாலி மடியில் டேப்லெட்டை வைத்துக்கொள்கிறாள்.

கடந்த பன்னிரண்டு மாதங்களில்
அவர் உங்களைத் தள்ளியதுண்டா?
இல்லை.
அறைந்ததுண்டா?
இல்லை.
கழுத்தை?
இல்லை இல்லை.

விரல் பழகிவிட்டது,
பூஜ்யத்தைப் பாராமலே தொடுகிறது.

நீங்கள் அவரை?
ஒரு தடவை. தட்டை எறிந்தேன்.
மேலே படவில்லை, சுவரில்தான்.
எறிந்ததற்குக் கட்டம் உண்டு.
படாததற்கு இல்லை.
ஒன்று.

"முன்னெல்லாம் கை நீட்டுவார்.
இப்போது அவருக்கு அந்தச் சிரமம் இல்லை.
படியில் சாவிக்கொத்து குலுங்கினாலே
ரேடியோவை நிறுத்திவிடுவேன்.
பையன் பல் தேய்க்காமல் படுத்துவிடுவான்."

இது எத்தனையாவது வினா?
'பிற' என்ற கட்டத்தில் லாலி தட்டுகிறாள்:
படியில் சாவிக்கொத்து குலு
அதற்கு மேல் இடமில்லை.

இரண்டாம் மாடித் தெமூருக்கு ஒரே சிரிப்பு.
அடிப்பாளே, கரண்டியால்!
எத்தனை தடவை?
எண்ணியா வைத்தேன், பத்து போடு.
உள்ளேயிருந்து அவன் மனைவியும் சிரிக்கிறாள்,
கொஞ்சம் தாமதமாக.

கீழ்த்தளத்தில் வாஜா சிரிக்கவில்லை.
எல்லாவற்றுக்கும் இல்லை என்றான்.
எழும்போது கேட்டான்:
பயமா என்று கேட்கமாட்டீர்களா?
அது ஆண்கள் படிவத்தில் இல்லை.
சரி, என்று
சட்டைக்கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டான்.

நாளை திபிலிசியில் கூட்டுவார்கள்.
இந்தக் கட்டடத்தில்
பெண்கள் அடித்தது பதினொன்று.
ஆண்கள் அடித்தது பூஜ்யம்.
கூட்டலில் பிழை இல்லை.

என் மொழியில்
பன்னிரண்டு அங்குலம் ஓரடி.
மக்வலாவின் பன்னிரண்டு மாதத்தில்
ஓரடியும் இல்லை.
அந்த வீட்டை எதால் அளப்பது?

வாசலில் லாலி காலணி நாடாவைக் கட்டுகிறாள்.
ஒருவர் வருகிறார்.
மாலை வணக்கம், என்கிறார் மரியாதையாக.
கதவைப் பிடித்து வழிவிடுகிறார்,
பைக்குள் எதையோ துழாவியபடி
படியேறுகிறார்.

மேலே
வானிலை
பாதியில் நிற்கிறது.