தலைகீழ் யானை

பாஹியா பிளாங்கா. செவ்வாய் இரவு.
பேக்கரிக்கு மேல்மாடி.
மாவட்ட லீக், இரண்டாம் பிரிவு, நாலாம் பலகை.
இந்த ஆட்டத்தின் முடிவுக்காக
உலகத்தில் விழித்திருந்தவர்கள் மூன்று பேர்:
ஆடும் இருவரும்,
கடைசி பஸ்ஸைத் தவறவிட்ட நடுவர் நானும்.

மிர்த்தா சபாலா, மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்ப்பவள்.
ரூபென் ஷ்னைடர், தானியக் கிடங்கில் லாரிகளை எடை போடுபவன்.
பதினெட்டாம் நகர்த்தலில் ராணிகள் வெட்டுப்பட்டார்கள்.
அப்போதிருந்து அவளுடைய வெள்ளை ராணி
அவன் கைக்குள்.
யோசிக்கும்போது உருட்டுவான்,
பயந்தால் இறுக்குவான்.
அந்தக் கை முட்டியைப் பார்த்தே நிலவரம் சொல்லலாம்,
பலகை எதற்கு?

மூன்றரை மணி நேரத்தில்
ஜெயித்த ஆட்டத்தை ஆளுக்கொரு தடவை
கோட்டை விட்டாயிற்று.
மிச்சம்
அவளுக்கு ராஜாவும் ஒரு சிப்பாயும்,
அவனுக்கு ஓரத்தில் ஒண்டியாய் ஒரு ராஜா.
சிப்பாய் கடைசிக் கட்டத்தைத் தொட்டபோது
அவள் கடிகாரத்தில் ஏழு வினாடி.

ராணியைத் தேடி மேஜையைத் துழாவினாள்.
இல்லை.
வெட்டுப்பட்டுக் கிடந்த தன் யானையை எடுத்துத்
தலைகீழாய்க் கவிழ்த்து வைத்து
"ராணி!" என்று கடிகாரத்தை அடித்தாள்.

ரூபென் எழுந்தேவிட்டான்.
"ராணி என்றால் எனக்கு நகர இடமில்லை,
செக்கும் இல்லை. ஆட்டம் சமன்!"
சாட்சி சொல்ல வரட்டும் என்பதுபோல்
கையை விரித்தான்.
உள்ளங்கையில் வியர்த்துப்போயிருந்தாள் ராணி.

கடிகாரத்தை நிறுத்தினேன்.
அவள் என்னைப் பார்க்கவில்லை.
சட்டத்துக்குக் காது கிடையாது,
கட்டத்தில் நிற்பதுதான் கணக்கு.
தலைகீழாய் நின்றாலும்
யானை யானைதான், என்றேன்.

யானைக்கு மூலைவாட்டில் பார்க்கத் தெரியாது.
அதனால் கறுப்பு ராஜாவுக்கு ஒரு கட்டம் திறந்தது.
ஒன்றே ஒன்று.
போய்த்தான் ஆக வேண்டும். போனான்.
அவள் யானையை நிமிர்த்தாமலே
ஓரத்துக்கு இழுத்தாள்.
மேட்.

கையெழுத்துப் போடும்போது
மிர்த்தாவின் காதுமடல் சிவந்திருந்தது.
கேட்ட ராணி கிடைத்திருந்தால் அரைப் புள்ளி.
கிடைக்காததால் முழுப் புள்ளி.
இதை எந்தத் தாளில் எழுதுவது?

காய்களை எண்ணிப் பெட்டியில் போட்டேன்.
முப்பத்தொன்று.
ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தேன்.
தெருமுனையில்
தெற்குக் காற்றுக்கு எதிராக
சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறான் ரூபென்,
ஒரே கையால்.