ஆறா, மலையா

விசாகனைத் தெக்கோங்கில் விட்டுவந்த இரவு
மூன்று பேருக்கான அரிசி
பழக்கத்தில் பானைக்குள் விழுந்தது.
ஒரு கைப்பிடி அள்ளித் திரும்ப டப்பாவில் போட்டேன்.
ஈரப் பானை. பாதி விரலில் ஒட்டிக்கொண்டது.

"எங்கேயாவது போயிட்டு வரலாமா?"
என்றார் அவர்,
சலவை இயந்திரத்தைப் பார்த்தபடி.
இரண்டு வாரத்துக்குப் பிள்ளையை வெளியே விடமாட்டார்கள்.
இயந்திரம் அவனுடையது இல்லாத துணிகளைச்
சுற்றிக்கொண்டிருந்தது, சத்தம் குறைவாக.

ஹஸ்லினா என்னிடம் சொன்ன ஊர் ஒன்று,
காப்பிக்கடையில் யாரோ அவரிடம் சொன்ன ஊர் இன்னொன்று.
இரண்டும் பாலத்துக்கு அப்பால்.
இரண்டும் ஓவியர்கள் குடியேறிய சின்ன ஊர்கள்,
ஒரே தெரு, தெரு முடிந்தால் ஊரும் முடிந்தது.
பெயர்கள்தான் வாயில் நுழையவில்லை.
ஆகவே ஒன்றை ஆறு என்றோம்,
மற்றதை மலை.

ஆற்றில் படகுக் கொட்டகைகளே ஓவியக்கூடம்.
தண்ணீர் ஏறும் மாதம் படங்களை
உத்தரத்தில் தொங்கவிட்டு வரைவார்களாம்.
மலையில் ஒரு சீனப் பெண்மணி,
நம் முகம் பிடித்தால்தான்
படத்துக்கு விலையே சொல்வாராம்.
"பிடிக்கலைன்னா?" என்று கேட்டார்
இருபத்திரண்டு வருஷமாக அடுத்தவர் வீட்டுத் தரைக்கு
ஓடு பதிக்கிற மனிதர்.
கேட்டுவிட்டுக் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

ஒரு வாரம் இப்படி.
உணவங்காடியில், மின்தூக்கியில்,
ஈசூனில் ரயில் வருமுன் கிடைக்கும் மூன்று நிமிடத்தில்:
ஆறா, மலையா?
ஆற்றில் கொசு. மலையில் அட்டை.
ஆற்றுக்குப் பேருந்து நேராகப் போகும்.
மலையில் குளிரும், நம்மிடம் குளிருக்கென்று
விமானத்திலிருந்து தெரியாமல் வந்த போர்வைதான் உண்டு.
ஆற்றில் கிடைத்த அறையில் ஒரே கட்டில்.
மலையில் இரண்டு.
அதைப் பற்றி மட்டும்
இருவரும் எதுவும் சொல்லவில்லை.

என் பிழைப்பே இந்தக் கேள்விதான்.
மூக்குக்கண்ணாடிக் கடையின் இருட்டறையில்
வில்லையைத் திருப்பித் திருப்பிக் கேட்பேன்:
இது தெளிவா, அது தெளிவா?
ஒன்றா, இரண்டா?
சொல்லத் தெரியாதபோது ஆட்கள் கூசிப்போவார்கள்,
"ரெண்டும் ஒரே மாதிரி இருக்கே" என்பார்கள்
பரீட்சையில் தோற்ற குரலில்.
அவர்களுக்குத் தெரியாது,
அங்கேதான் அளவு சரியாகிறது என்று.

ஆனால் இது கண் இல்லை.
பதினெட்டு வருஷம் எங்கள் பேச்செல்லாம்
அவன் டியூஷன், அவன் பல், அவன் தலைமுடி.
மூன்று நாள் முழுக்க
ஒரே தெருவுள்ள ஊரில்
என்னதான் பேசுவோம்?
ஆறுவது என்றால் தணிவது.
மலைப்பது என்றால் திகைப்பது.
முதலாவது எனக்கு வரவில்லை,
வெள்ளி இரவு, உட்லண்ட்ஸ் சோதனைச்சாவடியில்,
ஒரு பையும் இரண்டு குடையுமாக.

லார்கினில் பார்த்துக்கலாம் என்றார்,
எந்த வண்டி முதலில் கிளம்புதோ அது.

தானியங்கி வாயில் என் கட்டைவிரலை ஏற்றுக்கொண்டது.
அவருடையதை மறுத்தது.
துடைத்து வைத்தார், ஊதி வைத்தார்,
இடதுகையை வைத்தார்.
சிமெண்ட் தின்ற விரல்கள். ரேகை இல்லை.
அதிகாரி தனி வரிசைக்கு அழைத்தார்.

கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றேன்.
குரல் கேட்கவில்லை, உதடுகள்தான்.
எங்கே போகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும்.
அவர் கொஞ்சம் யோசித்தார்.
பிறகு கையை நீட்டி
என்னைக் காட்டினார்.

பதில் தெரியாமல் காட்டியிருப்பார்,
அவளைக் கேளுங்கள் என்பதுபோல.
வீட்டுக்கு யார் வந்து எதைக் கேட்டாலும் அப்படித்தான்.
இருந்தாலும் நான் பையைக்
கை மாற்றிக்கொண்டேன்.

வந்ததும் "பசிக்குது" என்றார்.
நூற்றெழுபதில் ஒரே ஓர் இருக்கை காலி.
உட்காரு என்றார். நீங்க உட்காருங்க என்றேன்.
நீ. இல்லை, நீங்க.
அதற்குள் யாரோ உட்கார்ந்துவிட்டார்கள்.
பாலம் முடியும்வரை
ஒரே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம்.