துருசுக் கணக்கு

சித்திரையில் ஈன்றது நாலு.
மூன்று எழுந்து மடி தேடின.
நாலாவதும் எழுந்தது,
பின்னங்கால் மட்டும் வேறு யாருடையதோ போல
இடப்பக்கம் சாய, உட்கார்ந்துவிட்டது.
கண் தெளிவு. குரல் தெளிவு.
இடுப்புக்குக் கீழே கள் குடித்த நடை.

கண்ணேறு என்றாள் பக்கத்துக் காட்டு அங்காயி.
மிளகாய் சுற்றிப் போட்டோம்.
நெடியில் இருமி இருமிக் கண் சிவந்தது எனக்கு.
ஆக, கண்ணேறு இல்லை.

முன்பே பார்த்திருக்க வேண்டும்.
மேச்சேரி ஆட்டின் நிறம்
காய்ந்த புளியம்பழ ஓட்டின் நிறம்.
என் பட்டியில் அது வைக்கோலாகிக்கொண்டிருந்தது.
செம்மறியில் செம்மை போய் மறி மட்டும் நின்றது.
சுண்ணாம்புக் கரட்டு வெயில் என்று நினைத்தேன்.
சுவரை நக்கின, என் முந்தானையைச் சப்பின.
பசி என்று நினைத்தேன்.

டாக்டர் ஜெசிந்தா ரத்தம் எடுத்து
நாமக்கல்லுக்கு அனுப்பினார்.
பதினோராம் நாள் போன்:
"செம்புச் சத்து இல்லம்மா."

சிரிப்பு வந்தது.
மேலே சேர்வராயன் மலையில் பாக்சைட்,
அந்தப் பக்கம் கஞ்சமலை முழுக்க இரும்பு,
செட்டிச்சாவடியில் என் வாசலைத் தாண்டித்தான்
வெள்ளைக்கல் லாரி லாரியாகப் போகிறது.
இதற்கு நடுவில் நின்றுகொண்டு
என் ஆடு ஒரு சிட்டிகைக்கு ஏங்குகிறதா?

"மண்ணுல இருக்கலாம்மா.
உங்க போர்த் தண்ணியில கந்தகம் ஜாஸ்தி.
உள்ள போற செம்பைக் கையப் புடிச்சு
வெளிய கூட்டிட்டுப் போயிடுது."

குட்டிக்கு? என்றேன்.
கொஞ்ச நேரம் லைனில் சத்தமில்லை.
அதன் தண்டுவடம் வயிற்றுக்குள்ளேயே முடிந்த காரியம்.
இனித் தாய்க்குத்தான்,
அடுத்த சினைக்குத்தான்.

சித்தையனுக்குப் பொறுமை கிடையாது.
உரக்கடையில் கால் கிலோ துருசு வாங்கினார்,
மயில் கழுத்து நீலம்.
கிடாய்க்கு முதலில். ஆடிக்கு விலைபோக வேண்டிய உருப்படி.
விரலுக்கு வந்த அளவு, தினம், மூன்று வாரம்.
மயிர் கொஞ்சம் சிவந்தது.
பார்த்தியா என்றார்.

ஈரல் அத்தனையையும் வாங்கி
வாய் திறக்காமல் சேர்த்து வைத்திருக்கிறது,
புருஷனுக்குத் தெரியாமல் சீட்டுக் கட்டுகிறவள் மாதிரி.
ஒரு விடியலில் உடைந்தது.
கண் மஞ்சள். மூத்திரம் வரக்காப்பி.
சாயங்காலம் குழி வெட்டினோம்.
மிச்சத் துருசைக் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு நின்றார்,
எங்கே கொட்டுவது என்று தெரியாமல்.

அங்காயி மகன் குணசீலன்
செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறைக்குப் போகிறான்.
செம்பு கூடினால் வாங்குகிறவன் திட்டுவான்,
குறைந்தால் கொலுசு வளையும் என்பான்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை
பட்டறைத் தராசைத் துண்டில் சுற்றி எடுத்துவந்தான்.
கண்ணாடி மூடி போட்டது.
மூச்சுப் பட்டாலே எண் மாறுகிறது.

டாக்டர் சீட்டில் எழுதியது ஆட்டுக்கு ஒரு கிராம்.
இருபத்தேழு சினைக்கு இருபத்தேழு பொட்டலம்.
மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு மடித்தோம்.
எண்ணைப் படித்தது சித்தையன்.
ஒவ்வொன்றையும் இரண்டு தடவை.
யாரும் அவரைப் படிக்கச் சொல்லவில்லை.

சாய்ந்த குட்டியை மேச்சேரிச் சந்தையில்
பாதி விலைக்குக் கேட்டான் ஒருத்தன்.
கொடுத்துவிட்டேன். வட்டிக்காரன் மாசம் பிறந்தால் வருகிறான்.
அது இழுத்து இழுத்து நடந்த கோடு
பட்டி மூலையில் ஒரு மழை வரைக்கும் இருந்தது.

மார்கழியில் ஈனும்.
அதுவரைக்கும் ஒன்றும் சொல்வதற்கில்லை.

சோப்புப் போட்டும் விரலிடுக்கில் நீலம் போகவில்லை.
மூத்த ஆடு ஒன்று வந்து
என் கையை நக்கப் பார்க்கிறது,
சொரசொரத்த நாக்கை நீட்டி.
வெடுக்கென்று இழுத்துக்கொள்கிறேன்.