பதினெட்டாவது

பள்ளத்தூர் வீட்டுக்கு நாங்கள் பதினொரு புள்ளி.
ஓட்டை பதினேழு. சூசை எண்ணினார்,
ஒவ்வொன்றையும் சுற்றிச் சாக்பீசால் வட்டமிட்டு.

ஏசிக்கு, இன்வெர்ட்டருக்கு, கேமராவுக்கு,
இன்டர்நெட் பையன் அவசரத்தில் போட்டு
தப்பான இடமென்று விட்டுப்போனவை ரெண்டு.
முட்டை வெள்ளையும் சுண்ணாம்பும் தேய்த்த சுவர்,
இரண்டடிக் கனம்.
துளைக்க ஒரு பகல் ஆனதாம்.
அடைக்க ஒருத்தருக்கும் ஒரு நிமிஷம் இல்லை.

போன மாசியில்
பூட்டிக் கிடந்த சாத்தப்பன் பங்கு அறையில்
பழைய ஸ்டெபிலைசர் தன்பாட்டுக்குக் கருகியது.
சாவி சென்னையில். ஆள் கோலாலம்பூரில்.
என் பக்கத்துச் சுவரில், காலண்டருக்கு மேலே,
வயர் நுழையும் துளையில்
நூல் பிடித்ததுபோல் புகை.
அப்புறம் வயரே வந்தது, உருகி,
சொட்டுச் சொட்டாக, மாசி மகத்துத் தாள்மேல்.
மெயினை இறக்கினேன். பூட்டை உடைத்தோம்.
(பூட்டு பர்மாவிலிருந்து வந்ததாம்.
அதற்கொரு பஞ்சாயத்து தனியாக ஓடுகிறது.)

அடைப்பதற்கு நான் வாங்கி வைத்திருந்தது மஞ்சள் நுரை,
டப்பாவை அழுத்தினால் பொங்கி வருமே, அது.
காய்ந்ததில் கட்டைவிரல் அளவு பிய்த்து
முற்றத்தில் வைத்துத் தீக்குச்சி கிழித்தார் சூசை.
கற்பூரம் தோற்றது.
"இதுக்கு ஓட்டையே தேவலாம் ஆச்சி."

அவர் பையில் இருந்தது
கல்லை உருக்கி இழைத்த பஞ்சு. தொட்டால் அரிக்கும்.
சொத்தைப் பல்லில் பஞ்சு வைப்பதுபோல் திணித்தார்.
அதன்மேல் செங்காவி நிறத்தில் ஒரு பசை.
சூடு பட்டால் உப்பி,
வயர் உருகிப்போன இடத்தையும் தானே நிரப்புமாம்.
அதுவரைக்கும்?
சும்மா இருக்கும்.
சும்மா இருப்பதற்கா இந்த விலை என்றேன்.
ஆமாம் என்றார், விரலைத் துடைத்துக்கொண்டே.

மொத்தம் ஒன்பதாயிரத்து நூற்று முப்பது.
புள்ளிக்கு எண்ணூற்று முப்பது.
வாட்ஸப் குழுவில் போட்டதும்
மதுரையிலிருந்து உமையாள் கேட்டாள்:
"எங்க அறையிலதான் ஓட்டையே கிடையாதே?"

அவள் அறைச் சாவி என்னிடம்தான்.
ஊதுவத்தி ஏற்றிக்கொண்டு சுவரோரமாக நடந்தேன்,
இன்னொரு கையில் போன்.
புகை நேராகத்தான் எழுந்தது.
பீரோ மூலைக்குப் போனதும்
யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டாற்போல்
தலையைத் திருப்பி, வளைந்து,
பின்பக்கம் நுழைந்துவிட்டது.

வீடியோவை அனுப்பினேன்.
நீல டிக் விழுந்தது.
ராச்சாப்பாடு முடிந்து ஒரே ஒரு வரி வந்தது:
"பில்லு ஜி.எஸ்.டி.யோடவா, இல்லாமலா?"

அதற்குள் சூசை
பீரோவை நகர்த்தியிருந்தார்.