ஒன்பதாவது கட்டம்

லோகூர் லூப் லைனில்
காலி நிலக்கரி வண்டி ஒதுங்கி நிற்கிறது.
சிக்னல் சிவப்பாகி முக்கால் மணி நேரம்.
பிரேக் வேனில் நான், கைவிளக்கு, தண்ணீர்க் கேன்,
மடியில் அற்புதராஜ் கொடுத்த விண்ணப்பம்.

கொண்டப்பநாயக்கன்பட்டியில்
ஏற்காட்டுப் பாதை மலையேறுவதற்குச் சற்று முன்னால்
தகரக் கொட்டகை போட்டுப்
பதினேழு நாய்களோடு இருக்கிறார் அவர்.
“பிடிச்சிருக்குன்னு சொன்னா குடுக்க மாட்டேங்க.
இதை நிரப்பிட்டு வாங்க.
பொய் மட்டும் எழுதாதீங்க.
போன தடவை எழுதினவரு
பதினோராம் நாள் கேட்டுல கட்டிட்டுப் போயிட்டாரு.”

அவள் பெயர் மிளகு.
நாகலூர்ப் பக்கம் காப்பி காயவைக்கும் களத்தில் கிடைத்தவளாம்.
ஒரு காது மட்டும் மடிந்திருக்கும்,
படித்து முடிக்காத பக்கம்போல.
என்னைப் பார்த்து வாலாட்டவில்லை.
ஷூவை முகர்ந்தாள்.
கரித்தூள், கிரீஸ்,
நான் போய்வந்த ஊர் எல்லாவற்றையும்
நிதானமாக வாசித்துவிட்டுப்
போய்ப் படுத்துக்கொண்டாள்.
அதுதான் பிடித்தது.

ஒன்று: வீட்டில் எத்தனை பேர்?
ஒன்று.
எது கேள்வி எண், எது பதில் என்று
எனக்கே குழம்பியது.

மூன்று: ஒரு நாளில் நாய் எத்தனை மணி நேரம் தனியாக இருக்கும்?
ஒரு நாள் என்றால் என்ன என்று
முதலில் எழுத வேண்டும்.
எனக்குக் கால் வருவது இரவு ஒன்றரைக்கு.
சில சமயம் சோற்றில் கைவைக்கும்போது.
ஜோலார்பேட்டை ரன்னிங் ரூமில் எட்டு மணி நேரம்,
திரும்ப வண்டி அமையாமல் இன்னும் ஆறு.
டைரியைப் புரட்டிக் கூட்டினேன்.
போன மாதம் பதினான்கு இரவு வீடு பூட்டிக் கிடந்தது.
பூட்டிய வீட்டுக்குள் ஓர் உயிர் இருந்ததாக வைத்து
மறுபடி கூட்டினேன்.
அதே பதினான்குதான்.
இந்த முறை எழுதக் கை வரவில்லை.

ஐந்து, வீட்டு உரிமையாளர் சம்மதம்.
ருக்மாங்கதன் சார் போனில் யோசித்தார்:
“குலைக்காத நாயா பாத்து எடுங்கம்மா.”

ஆறு: இதற்கு முன் எதையாவது வளர்த்ததுண்டா?
ஒரு கல்யாணம், நாலு வருஷம்
என்று எழுதி அடித்தேன்.
அடித்தது தெரியாமலிருக்க இன்னும் அழுத்தி அடித்ததில்
தாள் கிழிந்தது.
கிழிசலுக்குப் பக்கத்தில்
செம்பருத்தி, இரண்டு முறை, இரண்டும் காய்ந்தன
என்று எழுதினேன்.

எதற்காக நாய் என்று
எந்தக் கட்டமும் கேட்கவில்லை.
அதற்குத்தான் பதில் வைத்திருந்தேன்:
சாவி திரும்பும் சத்தத்துக்கு
உள்ளே எதுவும் அசையாத
அந்த அரை நொடி.

ஒன்பது: நீங்கள் இல்லாதபோது பொறுப்பேற்பவர்
பெயர், கைபேசி எண், கையொப்பம்.

ரயில்வே காகிதங்களில் இந்த இடத்தில்
தம்பி பெயரைப் போடுவேன்.
அவன் மஸ்கட்டில்.
என் பி.எஃப். பணத்துக்கு அவன் போதும்.
மிளகுக்கு அங்கிருந்து எப்படிச் சோறு வைப்பான்?

வாக்கிடாக்கி கரகரத்தது.
“கார்டு சார்... மன்னிக்கணும், மேடம், போலாமா?”
பச்சை காட்டினேன்.

சூரமங்கலத்தில் எதிர்வீட்டுக் கதவை
இரண்டு நாள் கழித்துத் தட்டினேன்.
பட்டத்தரசி. சாயங்காலத்தில் தட்டுவடை செட் வண்டி.
பெயர்கூட கேஸ் சிலிண்டர் பையன் கூப்பிட்டுத்தான் தெரியும்.
“நாய்க்கு ராத்திரி சோறு வைக்க ஆள் வேணும்” என்றேன்.
ஆறு வருடத்தில் அவளிடம் நான் பேசிய முதல் வாக்கியம்.

முழங்கைவரை பீட்ரூட் துருவிய சிவப்பு.
தாளில் ஒட்டுமென்று வாங்கவில்லை.
“தயிர்சோறு தின்னுமா?”
தெரியவில்லை.
“கடிக்குமா?”
தெரியவில்லை.
“என்னதாங்க தெரியும் உங்களுக்கு?”
மடிந்த காதைச் சொன்னேன்.

அவள் சிரிக்கவில்லை.
உள்ளே போய் அடுப்பைச் சின்னதாக்கிவிட்டு வந்தாள்.
“நாளைக்கு வண்டி போடல.
கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க.
பாத்துட்டுச் சொல்றேன்.”

கட்டம் இன்னும் காலி.
நாளைக்கு எனக்குக்
கால் வராமல் இருக்க வேண்டும்.