கீறல் இல்லை

சாண்ட்ரோவை விற்கும்போது ஹெர்மினா மிஸ் சொன்னார்:
இரண்டாவது கியர் கொஞ்சம் முரண்டு பிடிக்கும்,
பின்கதவை ஓங்கித்தான் சாத்த வேண்டும்,
உள்ளே ஒரு சிடி மாட்டிக்கொண்டிருக்கிறது, வராது.
ஏற்காட்டுப் பள்ளியில் பியானோ டீச்சர்.
மறுவாரமே ஊரைக் காலி செய்துவிட்டார்.

எனக்கு வேலை ரத்தம் சுமப்பது.
செவ்வாயும் வெள்ளியும் மலையேறி
நான்கு கிளினிக், ஓர் எஸ்டேட் ஆஸ்பத்திரி,
சிவப்பு மூடி, ஊதா மூடி,
ஐஸ் பெட்டியில் அடுக்கி
நான்கு மணி நேரத்துக்குள் அஸ்தம்பட்டி லேபில் இறக்க வேண்டும்.

ரேடியோ அடிவாரம் வரைக்கும்தான்.
செக்போஸ்ட் தாண்டினால் வெறும் இரைச்சல்.
அப்படித்தான் அந்தப் பொத்தானை அழுத்தினேன்.

பியானோவில் நான்கு சுரம்.
மறுபடி அதே நான்கு.
மறுபடி.
முன்னிசை என்று நினைத்துக்கொண்டேன்,
பாடுகிறவர் தொண்டையைச் செருமுகிறார்,
இதோ பல்லவி வரும்,
பல்லவி இல்லாவிட்டால் ஒரு தபேலாவாவது.
ஐந்தாம் கொண்டை ஊசியில்
குரங்குதான் வந்தது.

ஐந்து ரோட்டில் அங்கப்பனிடம் காட்டினேன்.
தலையை உள்ளே விட்டுக் கேட்டான்.
'கீறல்ணா. ஒரே எடத்துல சுத்துது.'
கழற்றி எடுக்க எண்ணூறு.

அதனால்தான் கேட்டேன்.
வேறு பெருமை ஒன்றும் இல்லை.

ஆவணியில் ஒரு வெள்ளி, பனிமூட்டம்,
முன்னால் சில்வர் ஓக் தடி ஏற்றிய லாரி,
முந்த வழியில்லை.
ஒன்பதாம் வளைவில்
நான்காவது சுரம் ஒரு மயிரிழை பிந்தி விழுந்தது.
நான் அதைக் கவனித்தேன் என்பதே
பத்தாம் வளைவில்தான் தெரிந்தது.
பதினொன்றில் மூன்று சுரம்.
பதினான்கில் ஐந்து.
யாரோ வீட்டுக்குள் வந்து
ஒரே ஒரு நாற்காலியை மட்டும் நகர்த்தி வைத்துவிட்டு
ஒன்றும் தெரியாதவர் போல உட்கார்ந்திருக்கிறார்.

கீறலுக்குக் கணக்குத் தெரியாது அங்கப்பா.

அன்றைக்குச் சேலம்
இடப்பக்கம் வந்தது, வலப்பக்கம் வந்தது,
ஒவ்வொரு தரமும் ஒரு சுற்றுச் சிறுத்து.
வெள்ளைக்கல் குவாரி முதலில் மேடு,
அப்புறம் மூட்டை,
அப்புறம் யாரோ சிந்திவிட்டுப் போன கோலமாவு.
எத்தனை வருஷம் ஏறியிருக்கிறேன் இந்த ரோட்டில்.

சுடர்க்கொடி ஒரு ஞாயிறு கூட வந்தாள்.
'மோட்டார நிறுத்த மறந்த வீடு மாதிரி இருக்கு' என்றாள்.
ஆரஞ்சு வாங்க ஏரிப்பக்கம் வண்டியை நிறுத்தினேன்.
பையை மடியில் வைத்துக்கொண்டு
கொஞ்ச நேரம் முன்கண்ணாடியையே பார்த்தாள்.
'எதுக்கு நிறுத்துன?'
ஆரஞ்சைத்தான் கேட்கிறாள் என்று
விலை சொன்னேன்.

இதுவரை முடிவைக் கேட்டதில்லை.
அந்த ப்ளேயருக்கு ஞாபக மறதி.
சாவியை எடுத்தால் மறுபடி முதல் நான்கிலிருந்து தொடங்கும்.
ஒவ்வொரு கிளினிக்கிலும் சாவியை எடுக்கிறேன்.
லேபில் எடுக்கிறேன்.
பேர் தெரியாது, செய்தவர் யாரென்று தெரியாது,
எவ்வளவு நீளம் என்றும் தெரியாது.
மிஸ்ஸின் நம்பர் உபயோகத்தில் இல்லை.

நேற்று அஸ்தம்பட்டியில்
இன்ஜினை மட்டும் அணைத்தேன்.
பின்சீட்டில் முப்பத்தொரு பேரின் ரத்தம்,
கைவசம் இருபது நிமிஷம்.
உட்கார்ந்திருந்தேன்.
நான்கு, ஐந்து, நான்கு, மூன்று,
பிறகு இரண்டு,
அந்த இரண்டே வெகுநேரம்,
எதிர்க்கடையில் கரும்பு மெஷின் ஓடி நின்றது,
பிறகு ஒன்று.

முடிந்தது என்று சொல்ல மாட்டேன். நின்றது.
இன்னொரு சுரம் எனக்குப் பாக்கி இருந்தது.
பானெட்டுக்கு அடியில் சூடு இறங்கும் சத்தம்,
டிக்,
டிக்,
ஏழு வரை எண்ணிவிட்டேன், வெட்கமில்லாமல்.

ஜன்னலில் ஜெரினா, லேப் கோட்டோடு.
மணிக்கட்டைக் காட்டுகிறாள்.
கண்ணாடியில் இரண்டு தட்டு.
அப்புறம் மூன்று.

இரு, என்று கையைக் காட்டினேன்,
அடுத்து எத்தனை என்று பார்க்க.